ஒரு கரண்டி மிச்சம்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அல்சூர் ஏரி மேல் சத்தியம், என் இரண்டு கண்கள் மேல் சத்தியம், என் வாயில் இன்னும் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும் பற்கள் மேலும் சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்து போகிறவர்கள் தனியாகத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

டேக்சா சுத்தமாக இருந்தது. அதுதான் முதல் கோளாறு.

பழைய மதராஸ் ரோட்டை ஒட்டி, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் கட்டிவிட்டுப் போன ஒரு நீளக் கட்டடத்தில், ஐம்பதுகளின் நடுவில், டைபாய்டு தடுப்பு மருந்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பாஞ்சாலிக்கு அங்கே சமையல் வேலை. மனிதர்களுக்கு அல்ல, கிருமிகளுக்கு. இறைச்சியைக் கொத்தி, கொழுப்பை நீக்கி, அந்தப் பெரிய பித்தளை டேக்சாவில் மெல்லக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, தேன் நிறத்தில் தெளிந்து வரும் சாற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றித் தர வேண்டும். டாக்டர் வைத்தீஸ்வரன் அந்தச் சாற்றில் கிருமியை விட்டு, மனித உடம்பின் சூட்டிலேயே எந்நேரமும் இருக்கும் ஓர் அறையில் அடுக்கிவைப்பார். சாறு கலங்கினால் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். பெருகியதைச் சூடு காட்டிக் கொன்று, அந்தப் பிணங்களை ஊசியில் ஏற்றிக் கையில் குத்தினால், உடம்பு அவற்றின் முகத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் உயிருள்ளது வந்தால் வாசலிலேயே மடக்கும். அங்கே வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் அந்த ஊசி உண்டு. பாஞ்சாலிக்கும் போட்டார்கள். கை வீங்கி, ஒரு வாரம் அவள் டாக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இறைச்சி கொத்தினாள்.

இன்னொரு விஷயம். மர்பி டவுனில் அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் எந்த வீட்டிலும் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பானையை வழித்துக் கவிழ்க்க மாட்டார்கள். ஒரு கை சோறாவது அடியில் விட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிவைப்பார்கள். யாருக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்: செத்துப்போன பெரியவர்களுக்கு, லட்சுமிக்கு, வழிதப்பி வருகிற பசித்தவனுக்கு. ஆய்வுக்கூடத்திலோ டேக்சாவைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. பாஞ்சாலி தலை ஆட்டுவாள். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது அவள் கை அந்தக் கட்டளையைக் கேட்காது. அடியில் ஒரு கரண்டி சாற்றை விட்டு, மூடி, மேலே இறைச்சி இடிக்கிற குழவியை ஏற்றிவைத்துவிட்டுப் போவாள். காலையில் முதல் ஆளாக வந்து கொட்டிக் கழுவிவிடுவாள். யாருக்கும் தெரியாது.

அன்று காலை குழவி வைத்த இடத்தில் இருந்தது. மூடி மூடிய மாதிரியே இருந்தது. உள்ளே சாறு இல்லை. காய்ந்து போயிருந்தால் ஓரத்தில் ஒரு வளையம் இருக்கும், அடியில் ஏடு ஒட்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. அடியிலிருந்து விளிம்புவரை, மாடு கன்றை நக்கிவிட்டது போல, கோடு கோடாக ஈரம் ஓடிப் பளபளத்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். இறைச்சி வாசனை இல்லை. தூங்கி எழுந்த வாயின் வாசனை அடித்தது.

பூனைதான் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். பசித்து வந்தது, சாப்பிட்டது, போய்விட்டது. அன்று மாலை என்ன தோன்றியதோ, இன்னும் கொஞ்சம் தாராளமாகவே மிச்சம் வைத்தாள். அதுவும் போயிற்று. அதற்கடுத்த நாள் சூட்டறையில், கிருமியே விடாமல் வெறும் சாற்றோடு வைத்திருந்த குடுவைகள் எல்லாம் கலங்கி நின்றன. டாக்டர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சமையல் பக்கம் வந்தார்.

"பாஞ்சாலியம்மா, நிஜத்தைச் சொல்லுங்கோ. டேக்சாவுல எதையாவது மிச்சம் வைக்கறேளா?"

"ஒரே ஒரு கரண்டி சார். வெறும் ஏனமா எப்டி சார் வெச்சிட்டுப் போறது?"

"யாருக்கு?"

"யாருக்குன்னு இல்ல. இருக்கட்டுமேன்னு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிருமிக்கு ரெண்டே ரெண்டுதான் வேணும். ஆகாரம், உடம்புச் சூடு. இது ரெண்டும் இருந்துட்டா வான்னு வெத்திலைபாக்கு வெச்சுக் கூப்பிட வேண்டாம்."

"கிருமி எல்லாம் இல்ல சார், பூனை."

"பூனை குழவியை இறக்கி வெச்சு, சாப்பிட்டு, மூடியை மூடி, குழவியை மறுபடி மேல ஏத்தி வெச்சுட்டுப் போச்சாக்கும். ரொம்ப மரியாதை தெரிஞ்ச பூனை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதும், திரும்பிப் போகும்போதும், டேக்சாவுக்கு முதுகைக் காட்டாமலே நடந்தார். அதைப் பாஞ்சாலி பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அன்று மாலை அவள் சாற்றைச் சொட்டுவிடாமல் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு சமையல் ஏனத்தைக் கவிழ்த்துவைத்தாள். வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கவிழ்ந்த டேக்சாவின் உள்ளிருந்து வந்தது. பித்தளையில் ஈரமாக எதுவோ மேலும் கீழும் போகிற சத்தம், அவசரமே இல்லாமல், எங்காவது ஒரு துளி ஒட்டியிருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடுகிற சத்தம். பிறகு நின்றது. நின்றபின் இருந்த அமைதியில், அது காது கொடுத்துக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மார்கழிப் பனி ரோட்டில் இறங்கியிருந்தது. ஜட்கா வண்டிகளின் விளக்குகள் மஞ்சள் சீழ் போலக் கரைந்து தெரிந்தன. அல்சூர் பக்கத்திலிருந்து ஏரியின் பாசி வாசனை, டீக்கடைப் புகை, குதிரைச் சாணம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஒன்று மட்டும் போகவில்லை. அவள் வேகமாக நடந்தால் வேகமாகவும், நின்றால் நின்றும், ஒரு கை தூரத்தில் வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பான இறைச்சிச் சாற்றின் வாசனை.

வீட்டில் மகள் ருக்மிணி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து மாதம்கூட முடியவில்லை. கோலார் தங்கவயலில் மாப்பிள்ளைக்குச் சுரங்க வேலை. பிள்ளைக்குப் பெயர் வைக்க அவன் வந்தால்தான் ஆகும். மறுநாள் காலை வீட்டுச் சோற்றுப் பானையைத் திறந்த ருக்மிணி, "யம்மா, ராத்திரி எழுந்து சோறு துன்னியா?" என்று கேட்டாள். பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். கோடு கோடாக ஈரம். பளபளப்பு. "ஆமா, பசிச்சிது" என்றாள்.

அன்று வேலைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ருக்மிணி தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாம்மா, கொயந்த தலையில சூப்பு வாசன அடிக்குது? கை கழுவினுதானே தூக்குன?"

பாஞ்சாலி இன்றைக்குப் பிள்ளையைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தாள். பிள்ளையின் உச்சிமுடி ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. நெற்றியும் அப்படித்தான். உடம்பு கணகணவென்று இருந்தது. ஆகாரம், உடம்புச் சூடு.

"கொயந்தய எடுத்துனு தாயம்மா வூட்டுக்குப் போ."

"எதுக்கு இப்போ?"

"போடி இன்றேன்! மடியிலேயே வெச்சினு இரு. எறக்காத. பேகா, சீக்கிரம் போ."

பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. "இன்னாடி கண்ணு, உங்கம்மா தொரத்திட்டாளா? அவ கெடக்கா, கிருமிக்கு வடிச்சிக் கொட்றவ. வா, நம்ம வூட்ல தூளி கட்டித் தரேன்." ருக்மிணி சிரிக்கிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம்.

பாஞ்சாலி தன் கதவையும் சாத்தினாள். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது சீறி அணைந்தது. பானையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டு, சுவரோரம் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தானே தின்றாள். பானையை விரலால் வழித்தாள். அடியைத் துடைத்தாள். தூக்கி நடு வீட்டில் கவிழ்த்தாள்.

"பாத்துக்கோ" என்றாள். இன்னொரு முறை, சத்தமாக. "சோறு இல்ல. சாறு இல்ல. அடுப்பு இல்ல. தெரியாம ஒரு கரண்டி வெச்சேன். அதுக்குன்னு என் பேரனக் கேப்பியா நீ?"

சிம்னி விளக்கு ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

ஓட்டிலிருந்து பனி சொட்டியது. எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. வீடு குளிர்ந்துகொண்டே வந்தது. தரை குளிர்ந்தது. சுவர் குளிர்ந்தது. அந்த வீட்டில் இப்போது சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது சுவரோரம் உட்கார்ந்திருந்தது.

வாசனை வந்தது.

பக்கத்தில் வந்தது.

அவள் வலது கை தரையில் இருந்தது. விரல்களில் சோற்றுப் பிசுக்கு. கழுவ மறந்துவிட்டாள்.

சுண்டுவிரல் நனைந்தது.

வெதுவெதுப்பாக. சொரசொரப்பாக. பிறகு அடுத்த விரல். அவசரமே இல்லாமல். உள்ளங்கை. மணிக்கட்டு. அவள் கண்ணை மூடவில்லை. மூடக் கூடாது என்று பிடிவாதம். எதிரே எதுவும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தன் கை ஈரமாகிக்கொண்டே வருவது மட்டும் தெரிந்தது. முழங்கை. அதற்கு மேல்.

ஊசி போட்ட இடம்.

நின்றது.

தோளில் அந்த இடம் தணல் பட்டது போல எரிந்தது. அவள் மேலெல்லாம் ரோமம் குத்திட்டது, ஆனால் அது பயத்தினால் அல்ல. அவளுக்கும் முன்னால் அவள் ரத்தத்துக்கு எதுவோ தெரிந்துவிட்டது. முன்பே பிணமாகப் பார்த்த முகம். உடம்பு முழுவதும் ஒரே மூச்சாக எழுந்து நின்றது.

"தெரியுதா யாருன்னு?" என்றாள் பாஞ்சாலி. பல் கிட்டியிருந்தது. "வா. இங்கியே வா. பாக்கலாம்."

வாசனை பின்வாங்கியது. தரையோடு தரையாக ஓர் ஈரக்கோடு கதவை நோக்கி ஓடியது. கதவுக்கு அடியில் நுழைந்தது. போய்விட்டது.

அவள் மூச்சு விட்டாள். சிரிப்புகூட வந்தது. டாக்டரிடம் நாளைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

அப்போது வெளியே ஒரு மூடி அசைந்தது.

எதிர்வீட்டில். அலுமினிய மூடி. பிறகு அதற்கடுத்த வீட்டில். பிறகு அதற்கடுத்த வீட்டில். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. வரிசை முழுவதும் ஒவ்வொரு பானையிலும் ஒரு கை சோறு காத்திருந்தது. அந்த வரிசையில் வேறு எவர் கையிலும் ஊசி ஏறியதில்லை. கடகட. கடகட. தெருக்கோடிவரை. ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம், தாயம்மா வீட்டு மூடி.

அதன்பின் அந்த வீட்டு உத்திரத்தில் தூளிக் கயிறு முனகியது.

பாஞ்சாலி அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தாயம்மா வீட்டுக் கதவை இடித்துத் திறந்தாள்.

ருக்மிணி மூலையில் ஒண்டியிருந்தாள். பிள்ளை அவள் மடியில்தான் இருந்தது. இறுக்கி அணைத்திருந்தாள். தாயம்மா அவள் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடு வீட்டில் தூளி தொங்கியது. உள்ளே பிள்ளை இல்லாத தூளி.

அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. புடைத்துக்கொண்டு. கனமாக. மெல்ல ஆடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே ஓர் ஈரச் சத்தம். துணியில் சாறு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"யம்மா" என்றாள் ருக்மிணி, மூச்சாக. "வேணாம்மா."

பாஞ்சாலி அகப்பையைக் கீழே போட்டாள். அது இதற்கு உதவாது. ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். ஒரு அடி. இன்னொரு அடி. தூளி ஆட்டத்தை நிறுத்தியது. அவள் பக்கம் திரும்பியது.

"என்னத் தாண்டிப் போ பாக்கலாம்" என்று சொல்லி, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தாள்.

உடம்புச் சூட்டில் இருந்தது. சரியாக உடம்புச் சூட்டில். துணிக்கு உள்ளே, அவள் மார்புக்கு நேராக, ஒரு வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. தூளியின் அகலத்தைத் தாண்டியும் திறந்துகொண்டே போனது. அவள் பிடியை விடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒரு தகவல் மட்டும் பாக்கி இருக்கிறது: அங்கே எந்தக் காலத்திலும் யாரும் கிருமி வளர்த்ததில்லை, மருந்து மெட்ராசிலிருந்து குப்பியில் வந்து இறங்கும், இங்கே லேபிள் மட்டும் ஒட்டுவார்கள். பாஞ்சாலி வடித்த சாறெல்லாம் யார் வயிற்றுக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.