அவனுக்காகப் பேசியவள்

குடையை மதிக்காத மழை. அவளிடம் குடையும் இல்லை. கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நகர மன்றக் கட்டடத்தின் படிகளில் வழுக்காமல் ஓடி ஏறியவளை வாசலில் ஒரு முதுகு மறித்தது. அகலமான முதுகு. அறிவிப்புப் பலகையை ஏதோ பரீட்சைக்குப் படிப்பது போல் படித்துக்கொண்டிருந்த முதுகு...

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

அசையவில்லை.

"சார்... உங்களைத்தான்! நனையுறேன் இல்ல?"

ம்ஹூம்.

"காது என்ன கேக்காதா?" என்று அவன் தோளைக் கைப்பையால் ஒரு தட்டு தட்டினாள். "வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிற நந்தி!"

கடைசி வார்த்தைக்கு அவன் திரும்பிவிட்டான். முதலில் அவள் பார்த்தது கண்களைத்தான். அவை அவள் உதடுகளையே பார்த்தன. அவளுக்குக் காரணமில்லாமல் வெட்கம் வந்தது... பிறகு காரணம் புரிந்தது. அவன் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை மெல்ல ஆட்டினான். கேட்காது.

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, அவள் கேட்கலாமா அந்தக் கேள்வியை? சைகை மொழிபெயர்ப்பாளர் அவள். காது கேளாத சித்தியின் மடியில் வளர்ந்து, பேச வருவதற்கு முன்பே கையால் பால் கேட்டவள். எல்லோரையும் அரவணைக்கப் போவதாக மன்றம் தீர்மானம் போட்டு, அதற்காக முதல் முதலாக அவளைத்தான் வேலைக்கு அழைத்திருந்தது. இன்றைக்கு முதல் நாள்!

அவள் விரல்கள் தாமாக எழுந்தன. 'மன்னிச்சிடுங்க... சத்தியமா தெரியாது.'

அவன் புருவங்கள் நெற்றிக்கு ஏறின. அவன் கைகளும் பேசத் தொடங்கின. வேகமான, குறும்பான கைகள்.

'ஓ... இன்னைக்கு எனக்காகப் பேச வர்ற அம்மா நீங்கதானா? ஆரம்பமே பிரமாதம்.'

'நான் சொன்னது எதையும் நீங்க கேட்கல. அதனால அதெல்லாம் கணக்குல வராது.'

'கடைசி வார்த்தையை உதட்டுல படிச்சிட்டேன். நந்தி.'

அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவன் இரண்டு விரல்களால் தன் புருவங்களை நெரித்துக் காட்டினான். அது அவளுக்கு அவன் வைத்த பெயராம். கோபக்காரி. அவர்கள் உலகத்தில் பெயர் என்பது ஒரு சைகை, வைத்தால் வைத்ததுதான், மாற்ற முடியாது.

'நீங்க என்ன வேலை பண்றீங்க, வாசல்ல நிக்கிறதைத் தவிர?'

'பல் செட் செய்யறேன். மேலே உக்காந்திருக்காரே மன்றத் தலைவர், அவர் சிரிக்கிற சிரிப்பு நான் செஞ்சது.'

காதல் அங்கேயே பிறந்திருக்கலாம். மழை இருந்தது, கண்கள் இருந்தன, என்ன குறை? குறை உள்ளே, கூட்ட அரங்கில் காத்திருந்தது.

அன்றைய விஷயம் ஒன்றுதான். கடைத்தெருவில் இருந்த சூதாட்ட மெஷின் கூடத்துக்கு உரிமத்தைப் புதுப்பிப்பதா, வேண்டாமா? அந்தக் கூடத்தின் வருமானத்தில் ஒரு பங்கு மன்றத்தின் சமூக நிதிக்குப் போகும். அந்த நிதியில்தான் காது கேளாதோர் சங்கத்தின் வாடகையும் வகுப்புகளும் நடந்தன. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே... மன்றம் தொட்டில் ஆட்டிய கைக்கு ரசீதும் கொடுத்தது. அவன் அந்தச் சங்கத்தின் செயலாளர்.

அவள் யார் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் கூடத்தின் கடைசி வரிசை மெஷின் முன்னால் தினமும் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மகள். அம்மா இவரோடு இனி குப்பை கொட்ட முடியாது என்று மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் மட்டும் மிச்சம். கூடத்தை மூடினால் அப்பா திரும்பக் கிடைப்பார் என்று அவள் நம்பினாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் பொழுது ஓடியது.

மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. அவன் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவன் மேடை ஏறினான். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் பெரிய திரை. பேசுவதை ஓர் அம்மா தட்டச்சு செய்ய, எழுத்துகள் அதில் ஓடின. அதுவும் அரவணைப்புத் திட்டம்தான்.

அவன் கைகள் அழகாகப் பேசின. எங்கள் சங்கத்தில் முதல் முறையாகச் சிரித்துப் பேசிய ஆட்கள் உண்டு, வேலை கற்றுக்கொண்டவர்கள் உண்டு... அவள் குரல் அவன் கைகளுக்குப் பின்னாலேயே சென்றது. அவளே உருகித்தான் பேசினாள். பிறகு அவன் சைகை செய்தான்: 'அதனால அந்தக் கூடத்துக்கு அனுமதி குடுங்க. வேற யாரும் எங்களுக்குக் காசு குடுக்கல.'

அவள் வாய் நின்றது. ஒரு மூச்சு.

"அதனால... எங்களுக்கு நிதி கொடுங்கள்" என்றாள்.

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். படித்தான். அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் குறும்பு இல்லை. கைகள் மெதுவாக, ஒவ்வொரு சைகையாக எழுந்தன. அதையும் அவள் சொல்லியாக வேண்டும். சபை முழுக்கக் காத்திருந்தது.

"நான் சொன்னதைச் சொல்லுங்கள்" என்றாள் அவள், அவனுக்காக.

பிறகு சொன்னாள். "அந்தக் கூடத்துக்கு அனுமதி கொடுங்கள்."

பின் வரிசையிலிருந்து முதல் கைதட்டல் கேட்டது. கூடத்து முதலாளி டீயும் பஸ் செலவும் கொடுத்து அழைத்து வந்திருந்த கூட்டம் அது. முதலில் தட்டியது அவள் அப்பா. மகளின் குரலைக் கேட்டுப் பெருமையில் எழுந்து நின்று தட்டினார். முடிவு அடுத்த மாதம் என்று தலைவர் கூட்டத்தைக் கலைத்தார்.

வெளியே வராந்தாவில் அவன் அவளை மறித்தான்.

'வேணும்னேதானே விட்டீங்க?'

'ஆமா.'

'ஏன்?'

சொல்லியிருக்கலாம். இதோ கைதட்டினாரே, அவர் என் அப்பா என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். ஆனால் தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே... அதற்குத்தான் நேரங்காலம் தெரியாது.

'உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சேன்' என்றாள்.

அவன் முகம் கறுத்தது. 'சின்ன வயசுலேர்ந்து இதேதான். எனக்கு எது நல்லதுன்னு மத்தவங்க முடிவு பண்ணி, அதை மட்டும் எனக்காகப் பேசுவாங்க. எங்கம்மா, டீச்சர், டாக்டர்... நீங்களும் அந்த வரிசையில சேர்ந்துக்கோங்க.'

அவன் போய்விட்டான். திட்டுவதற்குக்கூட அவளிடம் எதுவும் இல்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லையே.

அந்த வாரமே, போட்டோ எடுக்க வேண்டும் என்று முதலாளி அவனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழும்போது படம் பிடிக்காமல் இருக்குமா? உள்ளே பகலா இரவா தெரியாத வெளிச்சம். ஜன்னலும் இல்லை, கடிகாரமும் இல்லை. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் ஸ்டூலில் குனிந்திருந்தார். பக்கத்தில் அவள் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"போதும்ப்பா. வீட்டுக்கு வாங்க. சாப்பாடு ஆறிப்போகுது."

"இந்த ஒரு தடவை கண்ணு... இப்பத்தான் சூடு பிடிக்குது." அவர் நிமிர்ந்தார், அவனைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அட, நம்ம தம்பி! இந்தத் தம்பியாலதான்மா இந்த இடம் பிழைக்கப் போகுது. நீயும் எவ்வளவு நல்லாப் பேசுனே! அப்பாவுக்காகப் பேசுன மாதிரியே இருந்துச்சு."

அவன் அந்த உதடுகளைப் படித்தான். ஒரு வார்த்தை விடாமல் படித்தான். போட்டோவுக்கு நிற்காமல் வந்து பெரியவரின் இன்னொரு கையைப் பிடித்தான்.

இருவரும் அவரை நடுவில் வைத்து மழையில் நடந்தார்கள். அவர் வீட்டுக்குள் போனதும் வாசல் விளக்கடியில் அவன் கேட்டான்.

'ஏன் சொல்லல?'

'சொல்லியிருந்தா? அனுமதி கேட்காம விட்டிருப்பீங்களா?'

அவன் யோசித்தான். பொய் சொல்ல அது நல்ல தருணம். அவள் அதை எதிர்பார்க்கவும் செய்தாள்... கொஞ்சம் ஆசையாகக்கூட.

'கேட்டிருப்பேன்' என்றான். 'அதையேதான் கேட்டிருப்பேன். ஆனா உங்க வாயால சொல்ல வெச்சிருக்க மாட்டேன்.'

பாவி! இப்படி உண்மை பேசுகிறவனை என்ன செய்வது? கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது, அதை அவளால் தடுக்க முடியவில்லை.

அதன்பிறகு மாலைகளில் கூடத்து வாசலில் அவன் வந்து நிற்பான். 'சும்மா இந்தப் பக்கமா வந்தேன்' என்பான். அவன் பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. இருவரும் அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துப் போவார்கள். அவருடைய தலைக்கு மேல் சண்டை போட்டுக்கொள்வார்கள், கையாலேயே.

'உங்க சங்கத்துக்கு வேற காசே கிடைக்காதா?'

'கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குது. எங்களுக்குக் கைதான் வாய்னு தெரியும்ல?'

"என்னம்மா ரெண்டு பேரும் காத்துல கோலம் போடுறீங்க?" என்பார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்தே அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் மறுநாள் அப்பா அதே ஸ்டூலில்தான் இருப்பார். ஒரு நாள் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, 'நான் கேட்டது தப்பில்லை. ஆனா உன் முகத்தைப் பார்த்தா தப்பு மாதிரியே இருக்கு' என்றான்.

தீர்ப்பு நாள் வந்தது. அரங்கில் அவள் அவன் எதிரே நின்றாள். தலைவர் படிக்கப் படிக்க அவள் கைகள் சொல்லின. கூடத்துக்கு உரிமம் புதுப்பிக்கப்படுகிறது. நேரமும் நீட்டிக்கப்படுகிறது. பொறுப்போடு விளையாடுங்கள் என்று வாசலில் ஒரு பலகை கட்டாயம் வைக்க வேண்டும். வேலை வேலைதான். சமூக நிதி இந்த ஆண்டு விளையாட்டு மைதானத்தின் விளக்குகளுக்குப் போகிறது. காது கேளாதோர் சங்கத்தையும் மன்றம் மறக்கவில்லை, அவர்கள் கட்டட வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்று கட்டித் தரப்படும்.

அவன் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னான். அவள் திரும்பச் சொன்னாள். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று சபை நினைத்தது.

அவன் எழுந்தான். அவள் குரல் கொடுத்தாள்: "எங்கள் கட்டடத்துக்குப் படியே கிடையாது ஐயா. தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நடக்க வரும், கேட்கத்தான் வராது. வாடகைக்கு என்ன வழி?"

தலைவர் பளீரென்று சிரித்தார். "பின்னால உபயோகப்படும். அடுத்த விஷயம்."

முடிந்தது. அவள் அப்பாவை இழந்தாள், அவன் சங்கத்தை இழந்தான். முதலாளி மட்டும் எல்லோரிடமும் கை குலுக்கினார்.

கட்டடத்தின் பின்புறம், சைக்கிள்கள் நிற்கும் தகரக் கொட்டகையில் அவனைக் கண்டுபிடித்தாள். தகரத்தில் மழை பேயாகக் கொட்டியது. அவனுக்கு அந்த இரைச்சல் இல்லை. அவளுக்கு மட்டும்தான்.

'மேல்முறையீடு பண்ணலாம்னு இருக்கேன்' என்றான். 'அடுத்த மாசம் மறுபடியும் பேச நேரம் கேட்கணும். நீ வரணும்.'

'வர முடியாது.'

'என் மேல இன்னும் கோவமா?'

'இல்ல. இனிமே உங்களுக்கு நான் மொழிபெயர்க்கக் கூடாது. உள்ள சொல்லிட்டு வந்துட்டேன்.'

அவன் முகம் விழுந்தது. 'ஏன்? இந்த ஊர்ல வேற ஆளே இல்லையே...'

'சொந்தக்காரங்களுக்குச் செய்யக் கூடாதுன்னு எங்க தொழில்ல விதி இருக்கு.'

அவன் விழித்தான். 'நான் எப்படி உனக்குச் சொந்தக்...'

கைகள் பாதியில் நின்றன. மெல்லப் புரிந்தது. அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள்.

'உங்களைப் பிடிச்சிருக்கு, மரமண்டை. எங்கப்பாவைத் தொலைச்ச இடத்துக்காகப் பேசுனவர்னு தெரிஞ்சே பிடிச்சிருக்கு. மேடையில நான் பேசினா இனிமே அது உங்க பேச்சா இருக்காது. மறுபடி ஒரு வார்த்தையை முழுங்கிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.'

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் வராது.

'எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு' என்றான். 'அந்த வராந்தாவுல உன்னைத் திட்டினப்பவே பிடிச்சிருந்தது. ஆனா... சங்கத்துல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இனிமே எங்களுக்கு யார் பேசுவாங்கன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும்?'

அவன் மறுபடியும் கேட்கக் கை எடுத்தான். அந்தக் கைகள் இரண்டையும் அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டால் அவனால் பேச முடியாது. தெரிந்தும் விடவில்லை.