மூன்றாம் மாடியில் ஏறிய பனி

காலையில் கொடியில் போட்ட புடவை சாயங்காலமாகியும் காயவில்லை. கே.கே. நகரின் மூன்றாம் மாடி பால்கனியில், சித்திரை வெயிலில், ஒரு மணி நேரத்தில் அப்பளமாக மொறமொறத்திருக்க வேண்டிய புடவை. பிரான்சி அதைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அந்த உப்புக்காற்றை அவள் கடைசியாகச் சுவாசித்தது போன மாதம், கொங்கண் கடலோர மலைக்கணவாயில். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டே வந்தான் அவள் கணவன் ஜேக்கப். சிகரத்தின் ஓரத்தில் தடுப்புக் கம்பி போட்ட ஒரு வியூ பாயிண்ட். செங்குத்துப் பாறை, அதன் காலடியில் கடல்.

"அக்கா, பனி ஏறுறப்போ கம்பியத் தாண்ட வேணாம்னு டீக்கடைக்காரர் சொல்றாரு," என்றான் டிரைவர் நல்லதம்பி.

ஜேக்கப் சிரித்துக்கொண்டே தாண்டினான். பனி மூடியது. அது விலகியபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். அன்றோடு அவன் பேச்சு நின்றது. டாக்டர் அதிர்ச்சி என்றார். கொஞ்ச நாள் இங்கே வந்து இரு என்று போனில் கெஞ்சினாள் அக்கா லிசி.

"அவர இப்படியே விட்டுட்டு வரதா? நடக்காதுக்கா," என்று வைத்துவிட்டாள் பிரான்சி.

இப்போது ஜேக்கப் பால்கனிக்கு வந்து நின்றான். கூடவே ஒரு நெடி: ஊறிய பாசி, குளிர்ந்த கல். எதிர்வீட்டுக் குக்கர் விசில் பாதியில் அறுந்தது. தெருச்சத்தம் ஒவ்வொன்றாக அவிந்துபோக, கீழிருந்து வெள்ளையாக ஒன்று ஏறி வந்தது, ஸ்கூட்டர்களை, வேப்பமரத்தை, முதல் மாடி ஜன்னல்களை விழுங்கிக்கொண்டு. அதற்கும் அடியில், வெகு ஆழத்தில், பாறையில் அலை மோதியது.

அவன் கைப்பிடிச்சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்தான். அவள் மணிக்கட்டைப் பற்றினாள். ஐஸாகச் சில்லிட்டது.

"எங்க போறீங்க? விட மாட்டேன்."

பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பிரான்சி... இங்க தொங்கிட்டிருக்கேன். கையக் குடு."

ஜேக்கப்பின் குரல். பக்கத்தில் நின்றவனின் உதடு அசையவில்லை. அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

அவள் கோபம் பயத்தை முந்திக்கொண்டது.

"இத்தன நாளா என் வீட்டுச் சோத்தத் தின்னது யாரு?"

அவனை உதறித் தள்ளினாள். சுவரின் மேல் கவிழ்ந்து, பனிக்குள் கையை விட்டாள்.

ஒரு கை பற்றியது. வெதுவெதுப்பான கை. கல்யாண மோதிரம்.

இழுத்தாள். முகம் தெரிந்தது. வெடித்த உதடுகள். ஜேக்கப். அவளுடைய ஜேக்கப். மறுபடி இழுத்தாள். கனத்தது. ஒரு ஆளின் கனம் இல்லை.

பனி விலகியது.

தெரு இல்லை. பாறை. ஜேக்கப்பின் கணுக்காலை ஒரு கிழவர் பிடித்திருந்தார். அவர் காலை ஒரு பெண். அவள் காலை இன்னொருவர். கடல் வரைக்கும். எல்லா முகங்களும் அண்ணாந்து அவளையே பார்த்தன.

"எல்லாரும் வாங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிடியை விடவில்லை.

பின்னாலிருந்து, ஐஸாகச் சில்லிட்ட ஓர் ஈரக் கை அவள் கணுக்காலைப் பிடித்து, நிதானமாகத் தரையிலிருந்து தூக்கியது.