குரங்குச் சேட்டையில் வந்தது யார்?

பட்டாணிக்கு வயது பத்து. உயரம் மட்டும் ஏழு வயதோடு நின்றுவிட்டது. அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஐந்தாம் வகுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த வாரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வீடியோ அறைக்குக் கூட்டிவருவது அவள் பொறுப்பு. வாத்துக்குஞ்சுகள் போல வரிசையாக வந்த இருபது பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

"குரங்கு! குரங்கு!" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நூலக டீச்சர் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பள்ளியிலிருந்த இருநூற்று நாற்பது வீடியோக்களுக்கும் அவர்தான் ஒரு வாரம் உட்கார்ந்து தலைப்புகள் தட்டச்சு செய்திருந்தார். நாற்பத்தொன்றாம் எண், 'குரங்குச் சேட்டை'. அதைத் தட்டினார்.

திரையில் பெரிதாக ஒரு முகம் வந்தது. மூக்குக்கண்ணாடி, மீசை, கழுத்தில் டை.

"அன்பான மாணவர்களே!" என்றது.

"ஐ, குரங்கு பேசுது!" என்று ஒரு வாண்டு கத்தியது.

பட்டாணிக்கு வாயில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. திரையில் இருந்த அதே முகம், அதே மீசையோடு, வாசலிலும் நின்றுகொண்டிருந்தது. தலைமையாசிரியர்!

"என்ன டீச்சர் இது?" என்றார் அவர்.

"சார்... தலைப்பு மாறிப்போச்சு போல இருக்கு சார்."

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

டீச்சர் அவசரமாக 'தலைமையாசிரியர் வாழ்த்துரை'யைத் தட்டினார். வாய் நிறைய நுரையோடு ஒருவர் பல் துலக்கினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் மணி அடிக்கறதுக்குள்ள எல்லாம் சரியாகணும். இல்லேன்னா இந்த ரூமைப் பூட்டிடலாம். பிள்ளைங்க புத்தகத்துல படம் பார்த்தாப் போதும்."

மதிய இடைவேளையில் பட்டாணி மறுபடி எட்டிப் பார்த்தாள். டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

"சாப்பிடலையா டீச்சர்?"

"எப்படிம்மா சாப்பிடறது? எல்லாத்தையும் முதல்லேருந்து போட்டுப் பார்க்கணும். ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம்."

பட்டாணி மனக்கணக்குப் போட்டாள். "அது முடியறதுக்குள்ள நான் காலேஜே முடிச்சுடுவேன் டீச்சர். நான் வேணா உதவி பண்றேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க."

டீச்சருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. டப்பாவைத் திறந்தார்.

பட்டாணி ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். 'பல் துலக்குவது எப்படி?' என்ற தலைப்பில் யானை குளித்தது. 'பட்டம் செய்வோம்' என்ற தலைப்பில் குரங்கு குதித்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போது ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் உள்ளே வந்தான். காலையில் கத்திய அதே வாண்டு.

"அக்கா, என் சட்டை கோணலா இருக்குன்னு எல்லாரும் கேலி பண்றாங்க."

சட்டையின் ஒரு பக்கம் மேலே ஏறியும் மறுபக்கம் கீழே இறங்கியும் இருந்தது.

"இங்க வாடா கண்ணா. ஒரு பொத்தானைத் தப்பான ஓட்டையில மாட்டிட்டே. அதான் அதுக்குக் கீழே இருக்கற எல்லாமே..."

பட்டாணியின் கை அப்படியே நின்றது. மடமடவென்று பொத்தான்களைச் சரியாகப் போட்டு அவனை அனுப்பிவிட்டு, தாளை எடுத்துப் பார்த்தாள்.

"டீச்சர்! தலைப்பு எல்லாம் கண்டபடி மாறலை. ஒவ்வொரு வீடியோவுக்கும் அதுக்கு அடுத்த வீடியோவோட தலைப்பு வந்திருக்கு. எங்கேயோ ஒரு பொத்தான் தப்பியிருக்கு!"

டீச்சர் வாயில் பாதிச் சோற்றோடு நிமிர்ந்தார். "அட! கடைசி வீடியோவுக்குத் தலைப்பே மிச்சமில்லை. நான் பட்டியல்ல எழுத மறந்துட்டேன்னு நினைச்சு 'மற்றவை'ன்னு போட்டுட்டேன்."

"எங்கே ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாப் போதும் டீச்சர்."

பத்தாம் எண்ணைப் போட்டார்கள். சரி. நூறு? தப்பு. ஐம்பது? தப்பு. முப்பது? சரி.

"முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவுலதான் திருடன் ஒளிஞ்சிருக்கான்!" என்றாள் பட்டாணி.

நாற்பது தப்பு. முப்பத்தைந்து சரி. முப்பத்தேழும் சரி. முப்பத்தெட்டு?

தலைப்பு 'யானைக் குளியல்'. திரையில் யானையும் இல்லை, குளியலும் இல்லை. நீல நிறச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் மாடிப்படி ஏறின. பட், பட், பட். ஒன்பது நொடி. முடிந்தது.

பட்டாணி மெதுவாக மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே அதே நீலச் செருப்பு.

"ஐயோ, என் கால்!" டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "போன்ல தெரியாம கை பட்டு இது பதிவாகியிருக்கு. போன்லேருந்து மத்த வீடியோவை ஏத்தும்போது இதுவும் சேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு!"

"யானை மாதிரியா நடக்கறீங்க டீச்சர்? அழகாத்தான் நடக்கறீங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தது. அதைத் துடைத்துவிட்டு, டீச்சர் கணினியில் அட்டவணையைத் திறந்தார். இடப்பக்கம் வீடியோக்கள், வலப்பக்கம் தலைப்புகள். இடப்பக்கத்திலிருந்து செருப்பை மட்டும் நீக்கினார். கீழே இருந்த வீடியோக்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறித் தத்தம் தலைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றன. கடைசியில் துணையில்லாமல் நின்ற 'மற்றவை'யையும் அழித்தார்.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் வந்தார். தானே நாலைந்தைத் தட்டிப் பார்த்தார். பல்லுக்குப் பல், பட்டத்துக்குப் பட்டம்.

"அதுக்குள்ள எப்படிச் சரியாச்சு? தப்பு எங்கே நடந்தது?"

டீச்சர் கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"வரிசையில ஒண்ணு கூடுதலா நுழைஞ்சுடுச்சு சார். வெளியே அனுப்பிட்டோம்" என்றாள் பட்டாணி.

"கண்டுபிடிச்சது இவதான் சார்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் பட்டாணியைக் குனிந்து பார்த்தார். ரொம்பவே குனிய வேண்டியிருந்தது. "பரவாயில்லையே!" என்றார்.

ஒன்றாம் வகுப்பு மறுபடி பாயில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் யானைக் குளியலைப் போட்டார். யானை தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சிப் பாகன் தலையிலேயே கொட்டியது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

போகக் கிளம்பிய தலைமையாசிரியர் நின்றார். "இன்னொரு தடவை போடுங்க டீச்சர், அந்த இடத்தை" என்று சொல்லி, பட்டாணிக்குப் பக்கத்தில் பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.