செவிக்குள் புகுந்த ஒற்றன்

தனக்கோடியின் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காருவதற்கு முன்பே அழுதுவிடுவார்கள். ஓஸ்வால்ட் அழவில்லை. நனைந்த குடை தரையெல்லாம் சொட்டுவதுகூடத் தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வங்கி மோசடிப் பிரிவிலிருந்து விலகிவந்த தனக்கோடி அங்கே தனியாகத் துப்பறியும் தொழில் நடத்திவந்தார். உதவிக்கு இருந்த சீனு, ஐடி கம்பெனி ஒன்று ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிய ஆள். அவனுக்கு இருந்த ஆர்வத்தில் கால்வாசியாவது பொறுமை இருந்திருந்தால் எப்போதோ உருப்பட்டிருப்பான்.

“நீங்க செவி ஓஸ்வால்ட் தானே சார்?” என்றான் சீனு.

“போன வாரம் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. இப்ப திருடன் ஓஸ்வால்ட்” என்றார் வந்தவர்.

கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் செவி. அதை எழுதியவர் ஓஸ்வால்ட். காசு வாங்கவில்லை, உள்ளே இருக்கும் நிரலையும் ஒளித்துவைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், எடுத்ததை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. இலவசமாக ஒருவன் ஏதாவது கொடுத்தால் நம் ஊரில் முதலில் கும்பிடுவார்கள், அப்புறம் இவனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். ஓஸ்வால்டுக்கும் அதுதான் நடந்தது.

சமீபத்தில் வெளியான செவியின் புதிய பதிப்பில் யாரோ சில வரிகளைச் சேர்த்திருந்தார்கள். பயன்படுத்துகிறவர் எதைக் கேட்டாலும், வங்கிச் செய்தியோ வீட்டுச் சண்டையோ, அதன் நகலை வெளியே எங்கோ அனுப்பும் வரிகள் அவை. ‘ஊர்க்கண்’ என்ற இணையச் செய்தித்தளத்தில் லாவண்யா என்ற நிருபர் அதை அம்பலப்படுத்தினார். பதிப்பில் இருந்தது ஓஸ்வால்டின் மின்கையொப்பம். அந்தக் கையொப்பம் இடும் வசதி அவர் வீட்டுக் கணினியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

“பார்வையற்றோர் பள்ளிகளோட டிரஸ்ட் திங்கட்கிழமை கூடுது மேடம். செவியத் தூக்கிட்டு அஷ்வத்னு ஒரு கம்பெனிக்காரனோட ஒலிப்பாதைய வாங்கப் போறாங்க. ஒலிப்பாதைன்றது என் செவிதான், சட்டைய மாத்திப் போட்டு விக்கறான். அதுக்குப் புள்ளைங்க வருஷா வருஷம் பணம் கட்டணும். எனக்கு செவி போனாக்கூடப் பரவால்ல. ஒட்டுக்கேட்டவன்னு என் பேரு நிக்குதே, அத என்னால தாங்க முடியல.”

“அந்த வரிகள் செவிக்குள்ள நுழைஞ்சது எப்போ?” என்று கேட்டார் தனக்கோடி.

“வியாழக்கிழமை சாயங்காலம். அப்ப நான் குழந்தை இயேசு கோயில்ல நவநாள் ஜெபத்துல இருந்தேன். வியாழன்னா நான் அங்கதான் இருப்பேன்னு விவேக் நகருக்கே தெரியும். ஆனா அத யாரு கேக்கறாங்க? கையொப்பம் என்னுது. அதோட முடிஞ்சுது பேச்சு.”

“இதுல என்ன மேடம் சந்தேகம்? அஷ்வத் ஆள் வெளியிலிருந்து மிஷினுக்குள்ள பூந்துட்டான்” என்றான் சீனு.

தனக்கோடி குடையை வாங்கி மூலையில் வைத்தார்.

விவேக் நகரில் ஓஸ்வால்டின் வீடு மாடியில் இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா மௌரீன். மேலே ஒரே அறை. சன்னலோரம் மேசை, அதன்மேல் பழைய கணினி. ஓஸ்வால்ட் கடவுச்சொல்லை அடிக்கும்போது சீனு பார்த்துவிடாதபடி இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டார். உதடுகள் மட்டும் ஜெபம் சொல்வதுபோல முணுமுணுத்தன. சீனு நாகரிகமாகத் திரும்பிக்கொண்டான். தனக்கோடி திரும்பவில்லை.

“மானிட்டர் புதுசா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம், ரிப்பேர். புதன்கிழமை கெட்டுப்போச்சு. சிவாஜிநகர்ல குடுத்து வெள்ளிக்கிழமைதான் வாங்கினேன். மிஷின் மட்டும் எப்பவும்போல ஓடிட்டே இருந்துச்சு. மானிட்டர மாட்டினதும் செவி தாறுமாறான வேகத்துல கத்துச்சு. ஒரு வார்த்தை புரியல. ஏதோ கோளாறுன்னு வேகத்தக் குறைச்சேன்.”

“அதான் வைரஸ் வேலை” என்றான் சீனு உடனே.

“நீங்க இல்லாதப்ப இங்க யார் வருவாங்க?” என்று கேட்டார் தனக்கோடி.

“யாரும் வரமாட்டாங்க. சாவி வாசல்ல செருப்பு ஸ்டாண்டுலதான் இருக்கும். கிரண்னு ஒரு பையன் வருவான், செவிய டெஸ்ட் பண்ண. அவனுக்குக் கண்ணு தெரியாது மேடம், பாவம். அவனையெல்லாம் இதுல சேக்காதீங்க.”

சீனுவைக் கணினியோடு விட்டுவிட்டுத் தனக்கோடி கீழே போனார். மௌரீன் கதவைத் திறந்த கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வியாழக்கிழமை மழைன்னு நான் சர்ச்லருந்து சீக்கிரமே வந்துட்டேன் மேடம். இந்த சேர்லதான் உக்காந்திருந்தேன். மேல லைட் போட்டா சன்னல் வெளிச்சம் எதிர் சுவத்துல விழும், பாருங்க. ஃபுல்லா இருட்டு. லைட் எரிஞ்சிருந்தா தெரியாதா?”

“சத்தம் ஏதாவது?”

“ஷீட் மேல மழை அப்படி கொட்டுது. நான் வெச்ச டிவியே எனக்குக் கேக்கல. ஓஸ்வால்ட் அந்த மாதிரி ஆளு இல்ல மேடம். நான் அடிச்சு சொல்லுவேன்.”

தனக்கோடி மேலே திரும்பியபோது சீனு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வெளியிலிருந்து யாரும் வரல மேடம். நல்லா அலசிட்டேன். இந்தக் கீபோர்டுலதான் அடிச்சிருக்காங்க, இந்த நாற்காலியில உக்காந்துதான். இன்னொரு வேடிக்கை, தகவல் எந்த முகவரிக்குப் போகணும்னு எழுதியிருக்கோ அங்க ஒரு மிஷினும் கிடையாது. எதுவும் எங்கயும் போகல. திருடினவன் எதையுமே திருடல.”

“கீழ விளக்கே எரியலன்னு சொல்றாங்க.”

“மானிட்டரும் இல்ல. அப்ப பேய்தான் வந்து அடிச்சிருக்கணும்” என்றான் சீனு.

கிரணை மறுநாள், அவர் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் கேன்டீனில் சந்தித்தார்கள். தொலைபேசி எடுத்து இணைப்புக் கொடுக்கும் வேலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் மடக்கிய வெள்ளைக் கோல். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பேசி சடசடவென்று எதையோ பொரிந்து தள்ளி நின்றது.

“இது என்ன பாஷை?” என்றான் சீனு.

“தமிழ்தான் சார்” என்று சிரித்தார் கிரண். “அம்மா மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க கண்ணால ஓட்டமா படிக்கறீங்க இல்ல, அந்த மாதிரி நாங்க காதால.”

“வியாழக்கிழமை டியூட்டி இருந்துதா?” என்று கேட்டார் தனக்கோடி.

“லீவு மேடம். அல்சூர்ல வீட்லதான் இருந்தேன். இந்த வேலையே இன்னும் கொஞ்ச நாள்தான். நல்ல எடத்துல கூப்பிட்டிருக்காங்க, டெஸ்டிங் டீமுக்கு. எங்கன்னு இப்ப சொல்லக் கூடாதுன்னாங்க.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் தனக்கோடிக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் ஆட்டோவிலேயே, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஓஸ்வால்டின் அறைக்கு வரவழைக்கும்படி சீனுவிடம் சொன்னார். பிடித்துவிட்டோம் என்ற திருப்தி இல்லாமல் அவர் ஒரு வழக்கை முடிப்பதைச் சீனு அன்றுதான் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஓஸ்வால்டின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஒலிப்பாதையின் முதலாளி அஷ்வத், வெள்ளை ஷூவைக் கழற்ற மனமில்லாமல் கழற்றிவிட்டு, ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நிருபர் லாவண்யா சன்னலருகே நின்றார். கிரண் கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தார். வெளியே மறுபடியும் தூறிக்கொண்டிருந்தது.

“இந்தக் காரியத்தைச் செஞ்ச ஆள் வியாழக்கிழமை இந்த மேசையிலதான் உக்காந்திருந்தார்” என்று தொடங்கினார் தனக்கோடி. “அன்னைக்கு இங்க மானிட்டர் இல்ல. விளக்கும் எரியல. முடியாத காரியம்னு சீனு நினைச்சான். எனக்கும் சீனுவுக்கும் முடியாது. அஷ்வத் சாருக்கும் முடியாது. ஓஸ்வால்ட் சாரே செஞ்சிருந்தாலும் திரை வேணும். திரையும் விளக்கும் தேவையே இல்லாத ஒருத்தரால மட்டும்தான் முடியும்.”

கிரணின் விரல்கள் கோலின் மடிப்பை இறுகப் பிடித்திருந்தன.

“வெள்ளிக்கிழமை செவி ஏன் அந்த வேகத்துல கத்துச்சு? அது கோளாறு இல்ல. கடைசியா கேட்டவர் வெச்சுட்டுப் போன வேகம். அதே வேகத்த நான் ஒரு கைப்பேசியில கேட்டேன்.”

“பாஸ்வேர்டு?” என்றார் ஓஸ்வால்ட். “அது என்னத் தவிர யாருக்கும் தெரியாது.”

“நீங்க அடிக்கும்போது கையால மறைக்கறீங்க சார், ஆனா வாய்க்குள்ள ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கறீங்க. பார்க்கறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருந்தீங்க. பக்கத்துல உக்காந்து கேக்கறவரப் பத்தி உங்களுக்குத் தோணவே இல்ல.”

“நான்தான்” என்றார் கிரண். மறுக்கவோ மழுப்பவோ அவர் முயலவில்லை. “யாரோட ரகசியமும் எங்கயும் போகல. போகாத மாதிரிதான் எழுதினேன். செவி கேக்கறவங்கல்லாம் என் ஃப்ரெண்ட்ஸ், மேடம்.”

ஓஸ்வால்ட் எழுந்துவிட்டார். “உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?”

“காலேஜ் முடிச்சதுலருந்து ரெண்டு பஸ் மாறி இங்க வரேன் சார். கன்னடத்துல செவி திக்கித் திக்கிப் பேசிட்டிருந்துச்சு. அத சரியாக்கினது யாரு? நீங்க ராத்திரி தூங்கிடுவீங்க, நான் வீட்ல உக்காந்து ஒவ்வொரு சத்தமா திருத்தி அனுப்புவேன். நீங்க உங்க பேர்ல சேத்துக்குவீங்க. அஷ்வத் சார் உங்க வேலைய எடுத்துக்கிட்டு பேரச் சொல்லலன்னு நெட்ல எழுதினீங்களே, அத எனக்கு செவிதான் படிச்சுது. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல சார்.”

“நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்.”

“கேட்டேன். அடுத்த பதிப்புல ‘பார்வையற்ற நண்பர்களுக்கு நன்றி’ன்னு ஒரு வரி போட்டீங்க.”

ஓஸ்வால்ட் மெதுவாக உட்கார்ந்தார். ஆனால் கோபம் போகவில்லை. எந்தப் பாவமும் அறியாமல் ஊர் வாயில் விழுந்தது அவர்தானே.

“செவி போச்சுன்னா ஒலிப்பாதைக்கு நிறைய ஆள் வேணும், மொத ஆள் நீதான்னு அஷ்வத் சார் சொன்னாரு” என்றார் கிரண். “இத செய்யின்னு அவர் சொல்லல. நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.”

எல்லோரும் அஷ்வத்தைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

“நோடி, இங்க பாருங்க, நான் யாருக்கும் எதுவும் பிராமிஸ் பண்ணல. சும்னே, சும்மா என்ன இதுல இழுக்காதீங்க. இப்படி ஒரு காரியம் செஞ்ச ஆள நாளைக்கு என் கம்பெனிக்குள்ள எப்படி விட முடியும்? நீங்களே சொல்லுங்க.”

அவரைச் சட்டத்தால் தொட முடியாது என்று தனக்கோடிக்குத் தெரியும். அது அஷ்வத்துக்கும் தெரிந்திருந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பி அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் கிரண். சத்தம் நின்ற பிறகும் அவர் தலை திரும்பவில்லை.

லாவண்யா தொண்டையைச் செருமினார். “செய்தி போடறதுக்கு முன்னாடி நான் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அனாமத்தா வந்த மெயில நம்பிட்டேன். இன்னைக்கே திருத்தம் போடறேன், டிரஸ்டுக்கும் நானே சொல்றேன்.” அவர் கிரணைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆனா, உள்ளே இருந்த ஒருத்தர்னு மட்டும் எழுதலாமா? பேர் வெளிய வந்தா இவருக்கு இனி எங்கயும் வேலை கிடைக்காது.”

“நல்லா இருக்கே” என்றார் ஓஸ்வால்ட். “என் பேரப் போடும்போது உங்களுக்கு இந்த யோசனை வந்துதா? நான் கோயில்ல தலை காட்ட முடியல மேடம். யாரோ ஒருத்தர்னு போட்டா, அந்த யாரோ நான்தான்னு சொல்லுவாங்க. பேரப் போட்டுதான் எழுதணும்.”

சீனு தனக்கோடியைப் பார்த்தான். அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று எதிர்பார்த்தான். ஆனால் ஓஸ்வால்ட் கேட்டது நியாயம். மறுக்க வழியில்லாத நியாயம். அது அந்த அறையில் யாருக்கும் ஆறுதலாக இல்லை, கேட்டவருக்கும்கூட.

“போடுங்க மேடம்” என்றார் கிரண். “வெறும் கிரண்னு போடாதீங்க, ஊர்ல நிறைய கிரண் இருக்காங்க. தங்கவேலு கிரண்னு முழுசாப் போடுங்க.”

லாவண்யா கைப்பேசியில் அதை எழுதிக்கொண்டார்.

“தங்கவேலுவா?” என்றார் ஓஸ்வால்ட், அந்தப் பேரை முதல்முறையாகக் கேட்டவராக.

“அப்பா பேரு சார்” என்றார் கிரண்.