சிவப்பு வண்டியின் சாவி வளையம்

"ஏட்டி செல்வி! இன்னொரு சாவி எங்கட்டி? ஒளிச்சு வைக்கது ஒனக்குப் புதுசா என்ன!"

மாமியார் மூக்கம்மாளின் குரல் அடுப்படிவரை வந்தது. இசக்கிசெல்வி இட்லித் தட்டை இறக்கிவைத்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது...

வெளியே கொட்டகையில் அந்தச் சிவப்பு போலோ ஜிடி கார் கழுவித் துடைத்து நின்றது. கொழுந்தன் விஜய்பாண்டி கல்யாணத்துக்கு முன்பு ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி. இன்று கை மாறப்போகிறது. பழைய கார் வாங்கி விற்கும் தென்காசிக்காரர் ஒருவர் நேற்று வந்து, "ஒத்தச் சாவிதானா? அப்ப வெல எறங்குமே" என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்குக் கொடுக்க மனமில்லாமல், செல்வியின் கணவன் பாண்டிராஜ் ஆலங்குளத்துப் பையன் ஒருவனை நேரடியாக வரச்சொல்லியிருந்தான். கையெழுத்துப் போட விஜய்பாண்டியும் அவன் மனைவி சத்யபிரியாவும் சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் வந்து இறங்கி, மாடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஒத்தச் சாவியில கெடக்க வளையத்தயாவது கழட்டி எங்கிட்ட குடு," என்றாள் மூக்கம்மாள். "மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கப்படாது. கயிறு எவ கையில இருக்கோ அவகிட்டதான் லட்சுமி நிப்பா. ஒங்கையில நிக்க வேண்டாம் தாயி!"

செல்வி வளையத்தைக் கழற்றி நீட்டினாள். குற்றாலத்தில் சீசன் கடையொன்றில் 'விஜய்' என்று பெயர் வெட்டி அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

அந்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. ஐந்தருவியில் குளித்துவிட்டு அவளும் விஜய்பாண்டியும் ஈரத்தலையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். "பாருங்க மதினி, எப்படிப் பறக்குன்னு!" என்று அவன் மிதித்தான். அவள் பயந்து சிரித்தாள். காசிமேஜர்புரம் தாண்டி வேகம் தணிந்து வரும்போதுதான் அவன் கை வெட்டி இழுத்தது. வாயில் நுரை. வண்டி தானாக ஒதுங்கிப் புதரில் முட்டி நின்றது... அவனை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலைச் சாரல்தான் கேட்டது.

வலிப்பு, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் திருநெல்வேலி டாக்டர். கடையத்துப் பெண் சத்யபிரியாவை அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். "நேரம் பாத்து நானே சொல்லுதேன் மதினி. அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாதீய. அண்ணன்கிட்டகூட..." கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். "வண்டிய மட்டும் நிக்க விட்டுறாதீய. நீங்க ஓட்டுங்க."

ஏன் வண்டியை எடுப்பதில்லை என்று மூக்கம்மாள் இளைய மகனைக் கேட்டபோது, அவன் முகம் வெளிறுவதைப் பார்த்து செல்விதான் முந்திக்கொண்டாள். "சாவிய நான் எடுத்து வச்சிட்டேன் அத்தை." அவ்வளவுதான். பிறகு அவள் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்ப் பழகி அந்த வண்டியை எடுத்ததும், கொழுந்தன் காரைப் பிடுங்கிக்கொண்டவள் என்ற பேரும் நிலைத்துவிட்டது. மூக்கம்மாள் ஒருநாளும் அதில் ஏறவில்லை. பாண்டிராஜ் ஒருமுறை கேட்டான். அவள் பேசாமலிருக்கவும் அவனும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த முதுகுதான் அவளுக்கு வலித்தது.

ஆலங்குளத்துப் பையன் புவனேஷ் வந்தான். கையோடு புதுச் சாவி வளையம் கொண்டுவந்திருந்தான். அவன் வீட்டிலும் மாடு வாங்கி விற்றவர்கள்தான்; விற்கிறவர் கயிறு தரமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"டர்போ வண்டில்லா அண்ணாச்சி! நீங்க ஒரு மிதி மிதிச்சுக் காட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கேன்," என்றான் விஜய்பாண்டியிடம்.

"மதினி ஓட்டுவாக," என்றான் விஜய்பாண்டி.

"ஏன், நீ ஓட்டேம்ல!" மூக்கம்மாளுக்குக் குரல் உடைந்தது. "ஓம் வண்டிய கடேசியா ஒருதடவை நீ ஓட்டிப் பாக்கணும்யா... இன்னைக்குமா இவ விடமாட்டா?"

சத்யபிரியா திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள். "என்ன அத்தை இப்படிச் சொல்லுதீய? வலிப்பு வந்ததுலேர்ந்து அவுக வண்டியே தொடக்கூடாதுல்லா... பேசி முடிச்ச வாரமே எங்க வீட்டுக்கு வந்து, வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்கன்னு எல்லாத்தையும் சொன்னாகளே. செல்வி அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாகன்னும் சொன்னாக... உங்களுக்குத் தெரியாதா?"

 கழுவிய வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செல்வி மெல்லக் கேட்டாள். "அப்பமே சொல்லிட்டீயளா தம்பி?"

யாருக்குத் தெரியக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டாளோ, அந்தச் சத்யபிரியாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது!

"அன்னைக்கு அப்புறம் அம்மா எங்கிட்ட அதப் பத்திக் கேக்கவே இல்ல மதினி," விஜய்பாண்டி தடுமாறினான். "நீங்க சொல்லியாச்சு, எம்மனசு நோவக்கூடாதுன்னுதான் அம்மா பேசாம இருக்கான்னு நெனச்சேன்..." பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தான். "இத நான்தான் கொண்டுபோயிட்டேன். ஓட்டத்தான் முடியாது... கையிலயாவது இருக்கட்டும்னு..."

பாண்டிராஜ் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தான். "எங்கிட்டகூடவாட்டி..." என்றான். 

மூக்கம்மாள் கண்ணைத் துடைக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புவனேஷிடம், "தம்பி, செத்த இரிங்க. இட்லி சாப்பிடுங்க. இந்த வண்டிக்கு ஒரு சோலி பாக்கி இருக்கு," என்றாள். முன்கதவைத் திறக்கத் தெரியாமல் இழுத்தாள். செல்வி ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, குற்றாலச் சாலையில் மேலகரம் தாண்டி செல்வி ஓட்டினாள். எதிரே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. கண்ணாடியில் சாரல் விழத் தொடங்கியது.

"வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேனே... ஒருநா திருப்பி ஏசியிருந்தாலும் எனக்கு உறைச்சிருக்குமேட்டி!"

"சத்தியம் பண்ணிட்டேன் அத்தை."

"சத்தியமாம்..." மூக்கம்மாள் விம்மினாள்.  பிறகு கேட்டாள்: "அவன் எப்படிட்டி ஓட்டுவான்?"

"வேகமாத்தான்..."

"அப்ப அப்படி ஓட்டு."

செல்வி பாதத்தை அழுத்தினாள். வண்டி ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. "ஆத்தாடி!" என்று மூக்கம்மாள் கத்தினாள். கத்திவிட்டு, கண்ணீரும் மூக்குமாகச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தான் ஒருகாலத்தில் சிரித்த அதே சிரிப்பு என்று செல்விக்குத் தோன்றியது. அருவிச் சத்தம் கேட்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, இத்தனை வருஷமும் அழாததை அழுதாள். மாமியாரின் கை அவள் முதுகில் கிடந்தது.

வீடு திரும்பியதும் இரண்டு சாவிகளையும் புவனேஷின் புது வளையத்தில் கோத்துக் கொடுத்தார்கள். சிவப்பு வண்டி தெருமுனையில் திரும்பியது. ஒருமுறை உறுமிவிட்டு மறைந்தது. எல்லோரும் உள்ளே போன பிறகும் செல்வி காலிக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றாள்.

மூக்கம்மாள் மடியை அவிழ்த்து, தேய்ந்த வளையத்தை எடுத்தாள். செல்வியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"இது ஒங்கையிலயே நிக்கட்டும்."