வெள்ளை நைட்டியின் சாயம்

வெள்ளை நைட்டியிலிருந்து சாயம் இறங்கியது.

அக்கா வாளிக்குள் குனிந்து பார்த்தாள். வேறு துணி எதுவும் சேர்ந்து ஊறவில்லை. தங்கை காய்ச்சலோடு கிடந்த நாளெல்லாம் போட்டிருந்த நைட்டி அது. காலையில் காய்ச்சல் விட்டதும் கழற்றி, சோப்புத்தூளில் ஊறப்போட்டது. எத்தனையோ முறை துவைத்த பழந்துணி. குளியலறையில் மழைநாளின் புழுக்கமும் சோப்பு வாசனையும் அடைத்துக்கிடக்க, சுவருக்குப் பின்னால் யார் வீட்டுக் குழாயோ விடாமல் ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர் மெல்ல மெல்லப் பாலில்லாத தேநீரின் நிறத்துக்கு வந்தது.

கையில் அள்ளி முகர்ந்தாள். அழுக்கின் வாடை இல்லை. தூங்கும் குழந்தையின் காதோரம் வருமே, அந்த வாசனை. அம்மா போனபின் படிப்பை விட்டு, மருந்துக்கடையில் கால்கடுக்க நின்று அவள் வளர்த்த தங்கையின் வாசனை. அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

"உன் அழுக்குக்கு ஒரு மூட்டை சோப்பு வேணும்டி, மச்சக்காரி!" என்று குரல் கொடுத்தாள். முகவாயில் மச்சம் இருப்பதால் அந்தப் பெயர்.

"சலிப்பா இருந்தா வெச்சிடு. நாளைக்கு நானே துவைச்சுக்கிறேன்," என்றாள் தங்கை அறைக்குள்ளிருந்து.

"கிழிச்சே. உன் நாளைக்கு என்னைக்கு வந்திருக்கு?"

தங்கை சிரித்தாள்.

சாயம் போகும் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். அதுவும் பழுப்பானது. கொட்டினாள். மறுபடி பிடித்தாள். இந்த முறை கடுகளவு கறுப்பு ஒன்று மேலே மிதந்தது. விரல் பட்டதும் கரைந்துபோனது.

"அக்கா, குளிருது."

"போர்த்திக்கோ. இதோ வரேன்."

அந்தத் தண்ணீரையும் கொட்டினாள். நைட்டியை முறுக்கிப் பிழிந்தாள்.

அறையில் தங்கை அலறினாள்.

ஓடினாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முகவாயில் மச்சம் இல்லை. உதடு கன்னத்தின் நிறம். கன்னம் தலையணை உறையின் நிறம். கூந்தலின் கறுப்பு வேரிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"என்னக்கா அப்படிப் பார்க்கிறே? பேய் மாதிரி இருக்கேனா?"

அக்கா குளியலறைக்குத் திரும்பி ஓடினாள். கொட்டிய தண்ணீர் எப்போதோ வடிகுழாயில் இறங்கிவிட்டிருந்தது. நைட்டியை மட்டும் கைக்குழந்தையைப் போல ஏந்திவந்து தங்கையின்மேல் விரித்தாள். பிழியவில்லை. அழுத்தவில்லை. அது தானாகவே சொட்டியது.

கட்டில் விளிம்பில். தரையில். ஒவ்வொரு சொட்டும் முந்தியதைவிட வெளிறியிருந்தது. கீழே ஒரு கையை ஏந்தினாள். விரலிடுக்கில் வழிந்தது. மறுகையால் தங்கையின் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அதனூடே மெத்தை விரிப்பின் பூக்கள் தெரிந்தன.

வேண்டாம்.

வேண்டாம்.

அடுத்த சொட்டு தெளிந்திருந்தது.

போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலையணையில் ஒரு குழி. வேறொன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத விரல்கள் அவள் விரல்களை இறுக்கின.

"அக்கா, ஏன் லைட்டை அணைச்சே?"

தலைக்குமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.