மார்லிஸின் கலைச்சாவு

வியாழக்கிழமை தன்னுடைய இறுதிச் சடங்குக்கு எதை உடுத்துவது என்று மார்லிஸுக்கு ஒரே கவலை. நீலச் சட்டையில் சாயக்கறை. கறுப்பு உடை இடுப்பில் பிடித்தது.

"திரைக்குப் பின்னால்தானே உட்காரப் போகிறீர்கள், எதை உடுத்தினால் என்ன?" என்றது டிக்ஸன். ஓவியர்களின் கண்காட்சி, பேட்டி, பெயர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் புகழ்ப்பொறியன் என்ற இயந்திர மனிதன் அது. உலோக விரல்களில் உடைகளை ஏந்திப் பொறுமையாக நின்றது.

"கீழே காலணி தெரியுமே?"

"தெரியும். அதை யாரும் பார்க்கமாட்டார்கள். அதுதான் மரியாதை."

ஓவியர் செத்தால்தான் ஓவியம் பிழைக்கும் என்பதை அமெரிக்கக் கலையுலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஆனால் மருத்துவம் வளர்ந்து, ஓவியர்களும் மற்றவர்களைப் போல நூறு வயதைத் தாண்டி வாழத் தொடங்கிவிட்டார்கள். ஓவியக்கூடங்கள் காத்துக் காத்துக் களைத்தன. கடைசியில், இளகிய மனம் படைத்த சட்டமன்றத்தார் கலைச்சாவு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். விரும்புகிற ஓவியர் சட்டப்படி இறந்துவிடலாம். தேவாலயத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் அவர் அமர்ந்திருக்க, ஊர் கூடி அவரைப் பற்றிப் பேசும். நிறைவுப் பாடல் முடிந்ததும், மணிக்கட்டில் பதித்த விரல்தடை என்னும் சிறு கருவி இயங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு தூரிகையைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். செத்தவர் வரைந்துகொண்டிருந்தால் சாவுக்கு என்ன மதிப்பு?

மார்லிஸ் துலூத் நகரத்துக்காரி. பெரிய ஏரியின் கரையில், பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஊர். பாத்திரம் கழுவும் தொட்டி, பனியில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், பாதி நறுக்கிய வெங்காயம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். இளமையில் ஒரே ஒருமுறை நியூயார்க்கில் கண்காட்சி வைத்தாள். புருயிட் என்ற விமர்சகர், 'இவற்றில் சோப்பு வாசனை அடிக்கிறது' என்று எழுதினார். அதன்பின் அவள் படங்கள் பல் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் தொங்கின. மாநில ஓவியக்கூடம் சிலவற்றை வாங்கி நிலவறையில் அடுக்கியது. இறந்தால் மேல்மாடிச் சுவர் நிச்சயம் என்றது டிக்ஸன்.

சுவரைவிட இன்னொரு ஆசைதான் அவளை இழுத்தது. அந்த ஊரில் 'மோசமில்லை' என்பதுதான் உச்சப் பாராட்டு. சாவதற்குள் ஒரு நல்ல வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு இருந்த ஒரே வழி சாவதுதான்.

வியாழக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. கீழ்த்தளத்தில் காப்பியும், பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும், உருளைக்கிழங்குப் பதார்த்தமும் தயாராக இருந்தன.

புருயிட் முதலில் எழுந்தார். "தூய்மையை வரைந்த ஒரே அமெரிக்க ஓவியர்," என்றார். சோப்பு வாசனையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று மார்லிஸுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

அடுத்து அவள் அண்ணன் ரோலண்ட் வந்தான். பல வருடங்களாகப் பண்டிகைக்கு வந்தால் பனியைப் பற்றியும் கூரை ஒழுகலைப் பற்றியும் மட்டுமே பேசுகிறவன்.

"அம்மாவின் சமையலறையை அவள் வரைந்து தந்தாள். அது என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பேன். என் மனைவி இறந்துபோன வருடம், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பிடிக்காத நாட்களில்..." குரல் உடைந்தது. "அந்தப் படம்தான் என்னை எழுப்பியது."

திரைக்குப் பின்னால் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு பா யாங். வாரம் தவறாமல் சூப்போடு வந்து, வரைந்ததைப் பார்த்துவிட்டுப் போகிறவள்.

"எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை," என்றாள் பா. கூட்டம் நெளிந்தது. "அவள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். வெங்காயம் பார்த்தால் கண் கரிக்கிறது என்றேன். ஏரிப் படம் சுமார்தான், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன். திருத்துகிறேன் என்றாள். அதற்குள் இப்படிப் போய்விட்டாள்."

அவள் உட்கார்ந்தாள். நிறைவுப் பாடல் தொடங்கியது.

ஏரியில் என்ன பிழை என்று மார்லிஸுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. கரையோரப் பனி உடையும் இடத்தில் கொஞ்சம் அழுக்குப் பச்சை வேண்டும். இன்னும் இரண்டே அடிகளில் பாடல் முடிந்துவிடும். விரல்கள் துடித்தன. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பச்சை, பா! பச்சை விட்டுப்போச்சு!"

பாடல் அறுந்தது. பா யாங் மட்டும், "அதைத்தானே நானும் சொன்னேன்," என்று சிரித்தாள்.

மார்லிஸ் அண்ணனிடம் ஓடினாள். "ரோலண்ட், தினமும் காலையில் பார்க்கிறாயா? நிஜமாகவா?"

ரோலண்டின் முகம் சிவந்தது. அவசரமாகக் கண்ணைத் துடைத்தான். "சாவு வீடு. ஏதாவது சொல்லத்தானே வேண்டும்?"

புருயிட் தொண்டையைச் செருமினார். "உயிரோடிருக்கிறார் என்றால், அவர் படங்களில் மஞ்சள் கொஞ்சம் அதிகம்தான்." ஏமாற்றப்பட்டவர்களைப் போல எல்லோரும் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். படங்கள் நிலவறையிலேயே இருக்கும் என்று டிக்ஸனுக்குத் தகவல் வந்தது.

"சுவர் போய்விட்டது," என்றது டிக்ஸன். "வருத்தமா?"

"கொஞ்சம். பச்சை வாங்க வேண்டும், கடை மூடுவதற்குள் வா," என்றாள் மார்லிஸ்.

ரோலண்ட் அன்று மாலை தங்கையின் வீட்டுக் குழாயைப் பழுது பார்த்தான். கூரையை ஒரு சுற்றுப் பார்த்தான். ஏரிப் படத்தின் முன்னால் காப்பி ஆறும்வரை நின்றான். "மோசமில்லை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

ஓட்டுநர் இல்லாத கார் அது. பேசவும் செய்யும். நெடுஞ்சாலையை எட்டியதும் ரோலண்ட் மெல்லச் சொன்னான்: "என் தங்கை மாதிரி வரைகிறவர்கள் இந்த நாட்டில் இல்லை."

"அவரை அழைக்கட்டுமா? சொல்லிவிடலாம்," என்றது கார்.

"ஐயோ, வேண்டாம்! அவள் நிஜமாகப் போகும்போது சொல்லிக்கொள்கிறேன்."

கார் சிறிது தூரம் யோசித்துக்கொண்டே ஓடியது. "உங்களுக்குத்தான் வயது அதிகம். ஒருவேளை நீங்கள் முன்னால் போய்விட்டால்?"

ரோலண்ட் நிம்மதியாக இருக்கையில் சாய்ந்தான்.

"அப்போது அவள் என்னைப் பற்றிச் சொல்வாள்."